சக சேகரிப்பாளருக்குக் காசு விற்கும்போது என்ன விலை சொல்வது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா விட்டுச் சென்ற பழைய காசுகள் அவரிடம் இருக்கின்றன. அவற்றோடு தாமும் சில ஆண்டுகளாகச் சேர்த்து வந்திருக்கிறார். ஒன்றுக்கு மேல் இருப்பவற்றை ஊரிலுள்ள சேகரிப்பாளர்களுக்கே விற்க நினைக்கிறார். விலைப்பட்டியல் நூலில் ஒரு விலை இருக்கிறது. ஷாப்பி இணையக் கடையில் அதே காசுக்கு நான்கு மடங்கு போட்டிருக்கிறார்கள். நகைக்கடைக்காரரோ தராசில் வைத்துப் பார்த்துவிட்டு நூலில் உள்ளதில் பாதிகூடத் தர முடியாது என்கிறார். “எனக்கும் நட்டம் வரக் கூடாது, நாளைக்குக் கோயிலில் பார்க்கும்போது யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடாது. எந்த விலை நியாயம்?” என்பது அவர் கேள்வி. விற்க இருக்கும் காசுகளின் பட்டியலையும் இணைத்திருக்கிறார்.

தம்பி, அந்த மூன்று விலைகளில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில். நூலில் இருப்பது, நல்ல பெயருள்ள ஒரு வணிகர் தம் கடையில் உட்கார்ந்து, குறையில்லாத காசை, பொறுப்பேற்று விற்கும் விலை. அதுவும் நூல் அச்சான நாளின் நிலவரம். ஷாப்பியில் இருப்பது ஒருவருடைய ஆசை. அந்த விலைக்கு ஒருவரும் வாங்காததால்தான் அது இன்னும் அங்கே இருக்கிறது. நகைக்கடைக்காரர் சொன்னது உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் விலை, அதிலிருந்து அவருடைய கூலியும் லாபமும் கழிந்த பிறகு. நீங்கள் விற்கப் போவது கடையிலும் இல்லை, உலைக்கும் இல்லை. உங்களைப் போலவே காசைப் பிரியமாகப் பார்க்கும் ஒருவருக்கு விற்கப் போகிறீர்கள். ஆகவே உங்கள் விலை இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று. அந்தக் காசைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த எல்லாமும் வாங்குபவருக்குத் தெரிந்த பிறகும் அவர் அதே விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தால் அது நியாய விலை. அவருக்கு ஏதோ ஒன்று தெரியாததால் மட்டுமே கிடைக்கும் பணம் நியாயமானதல்ல. இதை ஒழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை. நம் ஊர்களில் பழைய காசு சேர்ப்பவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். இன்று உங்களிடம் வாங்கியவர் அடுத்த மாதம் ஈப்போ ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தையான பாசார் காராட்டில் அதே காசை யாரிடமாவது காட்டி விசாரிப்பார். உண்மை அன்றே தெரிந்துவிடும்.

முதலில் அடித்தளத்தைக் கண்டுபிடியுங்கள். வெள்ளிக் காசென்றால் அதில் எத்தனை கிராம் தூய வெள்ளி இருக்கிறது என்பதுதான் அடித்தளம். அதற்குக் கீழே விற்கக் காரணமே இல்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உங்கள் பட்டியலிலேயே “ராஜா தலை டாலர், 2” என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று 1907, மற்றொன்று 1920. இரண்டும் நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) நாணயம்தான், இரண்டிலும் ஒரு டாலர் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளி வேறு வேறு.

கதை இதுதான். 1903க்கு முன் இங்கே மெக்சிகோ டாலரும் பிரிட்டிஷ் வணிக டாலரும் புழங்கின. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே ஏழாம் எட்வர்ட் தலை பொறித்த டாலர் வந்தது. அதன் எடை 26.95 கிராம். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி, அதாவது ஏறக்குறைய 24.3 கிராம் தூய வெள்ளி. 1906இல் ஒரு டாலருக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று மாற்று விலையை நிலைநிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் வெள்ளி விலை ஏறிக்கொண்டிருந்தது. காசின் உலோகம் அதன் முகமதிப்பைத் தாண்டினால் எல்லாரும் உருக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் 1907இல் காசைச் சிறிதாக்கி 20.21 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். தரம் அதே தொள்ளாயிரம்; தூய வெள்ளி 18.2 கிராம். முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை மறுபடியும் எகிறியது. ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு 1919 முதல் வந்த டாலர் 16.85 கிராம்தான், அதிலும் பாதிதான் வெள்ளி. கணக்குப் போட்டால் 8.4 கிராம். ஒரே பெயரில் மூன்று காசு. வெள்ளி 24, 18, 8. மூன்றையும் ஒரே விலைக்குக் கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன், கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மனம் கனத்துப் போகும்.

மலாயா காசுகளிலும் இதே நிலைதான். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 20 சென் 5.43 கிராம். 1939இல் நான்கில் மூன்று பங்கு வெள்ளி, அதாவது நான்கு கிராமுக்குச் சற்று மேல். 1943, 1945 ஆண்டுக் காசுகளில் பாதிதான், 2.7 கிராம். 1948 முதல் வெள்ளியே இல்லை. செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். கணக்குப் போடும் முறை எளிது: எடையைத் தரத்தால் (வெள்ளியின் பங்கால்) பெருக்கி, அதை அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு ஒரு கிராம் 5 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 1939 காசின் வெள்ளி மதிப்பு 20 ரிங்கிட்டுக்கு மேல், 1945 காசின் மதிப்பு 13.50 ரிங்கிட். உலகச் சந்தையில் அவுன்ஸ் கணக்கில் விலை சொல்வார்கள். அந்த அவுன்ஸ் 31.1 கிராம் என்பதை நினைவில் வையுங்கள். சமையலறை அவுன்ஸ் வேறு. விற்கும் நாளின் விலையையே பாருங்கள். போன வருடத்து விலையை நம்பி விற்றவர்களும் வாங்கியவர்களும் பின்னால் மனவருத்தப்பட்டிருக்கிறார்கள்.

அடித்தளத்துக்கு மேல் எவ்வளவு என்பதை முடிவு செய்வது இரண்டு: எவ்வளவு அரிது, எந்த நிலையில் இருக்கிறது. அரிது என்பதை நூலும் பழைய சேகரிப்பாளர்களும் சொல்லிவிடுவார்கள். நிலைதான் சண்டையில் கொண்டுபோய் விடுவது. தலையில் முடிக்கோடுகள் தெரிகின்றனவா, கிரீடத்தின் மணிகள் தேய்ந்துவிட்டனவா, ஓரத்தில் அடிபட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நம் காசை நாமே பார்க்கும்போது கண்ணில் பாசம் கலந்துவிடும். அதனால் நீங்கள் நினைத்த தரத்திலிருந்து ஒரு படி இறக்கி விலை வையுங்கள். வாங்குபவர் கையில் எடுத்துப் பார்த்து, “நீங்கள் சொன்னதைவிட நன்றாகவே இருக்கிறதே” என்று சொன்னால் அவர் மறுபடியும் உங்களிடம்தான் வருவார்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. பாட்டிமார்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பித்தளைச் சாமான்களோடு இந்தக் காசுகளையும் புளி போட்டுத் தேய்த்து, வெள்ளிக் காசென்றால் திருநீறு போட்டு மினுக்கி வைத்திருப்பார்கள். அன்போடு செய்தது. ஆனால் தேய்த்த காசில் மேல்தோல் போய்விடும். பூதக்கண்ணாடியில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடுவது தெரியும், பளபளப்பும் உயிரில்லாமல் இருக்கும். அப்படிப்பட்ட காசுக்கு நூலில் உள்ள விலை பொருந்தாது. பாதி கிடைத்தாலே நல்லது. மினுக்கியதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். விற்கப் போகிறோமே, அழகாக இருக்கட்டும் என்று இப்போது நீங்கள் எதையும் தேய்த்துவிடாதீர்கள். கறுத்த காசு கறுத்தபடியே இருக்கட்டும். மென்மையான பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் இருந்த காசுகளில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இனி விலை. ஈபேயில் விற்பனைக்குப் போட்டிருப்பவற்றை விட்டுவிட்டு, விற்றுப் போனவற்றை மட்டும் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஏலங்களின் முடிவுகளையும் பாருங்கள். உங்கள் காசின் அதே ஆண்டு, அதே நிலை, அதே குறை உள்ளவை நான்கைந்து கிடைத்தால் போதும். எல்லாவற்றிலும் உயர்ந்ததைத் தள்ளிவிடுங்கள். இரண்டு பேர் போட்டி போட்ட சூட்டில் வந்த விலை அது. ஏல விலையில் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கலாம். விற்றவர் கைக்கு அது வந்திருக்காது. உறையில் அடைத்துத் தரச்சான்று பெற்ற காசின் விலையை உங்கள் சாதாரணக் காசோடு ஒப்பிடாதீர்கள். பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கிய தரச்சான்று நிறுவனங்கள். 70 வரையிலான அளவில் அவர்கள் கொடுக்கும் எண்ணில் ஒன்று கூடினால் விலை இரட்டிப்பாகும் காசுகளும் உண்டு. அந்த எண்ணுக்காகத்தான் அவ்வளவு பணம் கொடுக்கிறார்கள். 40 ரிங்கிட் காசைச் சான்றுக்கு அனுப்பினால் செலவே அதைத் தாண்டிவிடும்.

இப்படிக் கிடைத்த நடுவிலையில் நூற்றுக்கு 75இலிருந்து 85க்குள் சகாக்களுக்கு விலை வைப்பது என் வழக்கம். காரணம் இருக்கிறது. வணிகரிடம் கொடுத்தால் அவர் கடை வாடகை, தேங்கிக் கிடக்கும் பணம் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து உங்களுக்கு மிகக் குறைவாகத்தான் கொடுப்பார். அவரிடமிருந்து வாங்கினால் நண்பர் முழு விலை கொடுக்க வேண்டும். நடுவில் வணிகர் இல்லாததால் மிச்சமாகும் பணத்தை இருவரும் பகிர்ந்துகொள்கிறீர்கள். அதனால்தான் இது தானமும் ஆகாது, கொள்ளையும் ஆகாது. வெள்ளி விலை ஏறியிருக்கும் காலத்தில் சாதாரண ஆண்டுக் காசுகளுக்கு இந்தக் கணக்கு அடித்தளத்துக்குக் கீழே போய்விடலாம். அப்போது வெள்ளி மதிப்போடு சிறிது சேர்த்துக் கேளுங்கள்; வாங்குபவருக்குக் கணக்கைக் காட்டினால் புரிந்துகொள்வார்.

நீங்கள் அதிக விலைக்கு வாங்கிவிட்டீர்கள் என்பது உங்கள் கணக்கு. அதை வாங்குபவர் தலையில் கட்ட முடியாது. அதே நியாயத்தில், மலிவாகக் கிடைத்தது என்பதற்காக மலிவாகத்தான் விற்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் மலிவாக எப்படிக் கிடைத்தது என்பதை நான் கேட்பேன். எல்பில், ஹீவுட் போன்ற தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களில் இன்றும் தகரப் பெட்டிக்குள் துணியில் முடிந்த காசுகள் இருக்கின்றன. மருந்துச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று ஒரு பாட்டி 1904 டாலரைக் கொண்டுவந்து, “ஐம்பது ரிங்கிட் கொடு, போதும்” என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவது சாமர்த்தியமாகச் சிலருக்குத் தோன்றுகிறது. எனக்கு அது பொறுக்காது. அதில் இருக்கும் வெள்ளி மட்டுமே எவ்வளவு பெறும் என்பதை அவருக்குச் சொல்லிவிட்டு, நீங்கள் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுத் தம் வீட்டுக் காசு லட்சம் பெறும் என்று நம்பிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் பொறுமையாக நூலைத் திறந்து காட்ட வேண்டும். இரண்டுமே நம் கடமைதான் என்று நினைக்கிறேன்.

சிறிய ஊரில் விற்பதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒரே காசு உங்களிடம் பத்து இருந்தால் பத்தையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். வாங்கக்கூடியவர்களே ஐந்தாறு பேர் இருக்கும் இடத்தில் பத்தாவது காசை வாங்க ஆளே இருக்காது. முதல் ஐந்து பேருக்கும் ஏமாந்துவிட்டோமோ என்ற எண்ணம் வந்துவிடும். இன்னும் எத்தனை உங்களிடம் இருக்கின்றன என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பேரத்துக்குச் சிறிது இடம் விட்டு விலை சொல்வதில் தவறில்லை. நம் ஆட்கள் ஐந்து ரிங்கிட்டாவது குறைத்தால்தான் திருப்தியாகப் போவார்கள். ஆனால் இரட்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பாதிக்கு இறங்காதீர்கள். விலை ஒத்துக்கொண்ட பிறகு வேறொருவர் கூடக் கொடுக்கிறேன் என்றாலும் முதலில் கேட்டவருக்கே கொடுங்கள். மாற்றிக்கொள்வதானால் இரண்டு பக்கக் காசுக்கும் ஒரே அளவுகோலில் விலை போட வேண்டும். தம் காசுக்கு ஷாப்பி விலை, உங்கள் காசுக்கு நகைக்கடை விலை என்று வருபவரிடம் மாற்றே வேண்டாம். ஒரு 555 கணக்குப் புத்தகம் வாங்கி, எந்தக் காசு, எடை எவ்வளவு, என்ன குறை சொன்னேன், யாருக்கு, எவ்வளவுக்கு என்று எழுதி வையுங்கள். போலி என்று பின்னால் தெரிந்தால் எத்தனை ஆண்டானாலும் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று சொல்லி விற்றுப் பாருங்கள். உங்கள் காசுக்கு ஐந்து சதவீதம் கூடவே கொடுப்பார்கள்.

போலியைப் பற்றிச் சொன்னதால் உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். 1907 டாலரை முதலில் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்துங்கள். 20.21க்குச் சற்றுக் குறைவாக இருந்தால் தேய்மானம். ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ காந்தத்தில் ஒட்டினாலோ விற்கவே வேண்டாம். எடை சரியாக இருப்பது மட்டும் போதாது. ஓரத்தின் வரிகள் ஒழுங்காக இருக்கின்றனவா, எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். நீரிணை டாலர்களிலும் பிரிட்டிஷ் வணிக டாலரிலும் போலிகள் மலிந்து கிடக்கின்றன. 1920 டாலர் ஐந்தாம் ஜார்ஜ் டாலர்களில் எளிதாகக் கிடைக்கும் ஆண்டு. நல்ல நிலையில் இருந்தால் ஒழிய வெள்ளி மதிப்புக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

சதுர ஒரு சென் காசுகள் ஒரு பை நிறைய இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், எல்லாம் 1943, 1945. ஜப்பான்காரன் காலத்து ஆண்டு என்பதால் அரிது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அவை பிரிட்டிஷ் அரசு கோடிக்கணக்கில் அடித்த காசுகள். புழங்கித் தேய்ந்தவை ஒவ்வொன்றும் சில ரிங்கிட்தான். இருபது இருபதாகக் கட்டி, தொடங்கும் பிள்ளைகளுக்கு மலிவாகக் கொடுங்கள். சதுரமான காசைக் கையில் வாங்கும் பிள்ளையின் கண் விரிவதைப் பார்த்தால் உங்களுக்கே இன்னொரு பை தேடத் தோன்றும்.

கெரிஸ் (மலாய்க் குத்துவாள்) போட்ட ஒரு ரிங்கிட் காசு 2005 டிசம்பர் 7 முதல் செல்லாது. ஆகவே முகமதிப்பு என்ற அடித்தளம்கூட அதற்கு இல்லை. புழங்கியதற்கு மிகச் சிறிய விலை வையுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் நினைவு நாணய அட்டைகளைப் பொறுத்தவரை, வெளியான வாரத்தில் பேசப்படும் விலையை நம்ப வேண்டாம். குலுக்கலில் கிடைக்காதவர்களின் ஏக்கம் அடங்க ஓர் ஆண்டாகும். அதற்குப் பின் விற்றுப் போனவற்றின் விலையைப் பாருங்கள். பலவற்றுக்கு வெளியீட்டு விலையே கிடைத்தால் நல்லது.

1918ஆம் ஆண்டின் இந்திய வெள்ளி ரூபாயில் மேற்பகுதியில் ஈயம் ஒட்டிய தழும்பு இருக்கிறது என்கிறீர்கள். கழுத்தில் காசு மாலையாகவோ பதக்கமாகவோ இருந்தது அது. முழு எடை 11.66 கிராம், தூய வெள்ளி 10.7 கிராம். அந்த ஆண்டு எளிதாகக் கிடைப்பது, தழும்பும் இருப்பதால் சேகரிப்பாளர் விலை எதுவும் சேராது, வெள்ளி விலைதான். அந்த விலைக்கு விற்பதற்கு முன் வீட்டில் அத்தைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், யாருடைய கழுத்தில் இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

கடைசியாக, பட்டியலின் அடியில் விலை எழுதாமல் விட்டிருக்கும் 1971 பத்து சென். நாடாளுமன்றக் கட்டடம் போட்ட முதல் மலேசிய நாணய வரிசையில் அந்த ஆண்டுப் பத்து சென் மிகக் குறைவாகவே அடிக்கப்பட்டது. மற்ற ஆண்டுகள் எங்கும் கிடைக்கும், இதற்குத்தான் காத்திருப்பார்கள். அதனாலேயே ஏமாற்றவும் வழி இருக்கிறது. வேறு ஆண்டின் கடைசி எண்ணைச் சுரண்டி 1 ஆக்கியிருந்தால் அந்த எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற இடத்தைப் போல் இருக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் நான்கு எண்களையும் அருகருகே பாருங்கள், வேறொரு ஆண்டுக் காசை ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையானது என்று உறுதியாகும்வரை யாரிடமும் விலை பேசாதீர்கள். தரச்சான்றுக்கு அனுப்பும் செலவு உங்கள் பட்டியலில் பொருந்தி வருவது இது ஒன்றுக்குத்தான். சான்று வந்த பிறகு ஊர் நண்பர்களுக்கு முதலில் காட்டி, இன்ன தேதிவரை உங்களுக்கு இந்த விலை, அதற்குப் பின் ஏலத்துக்கு அனுப்புவேன் என்று சொல்லிவிடுங்கள்.